சிங்கத்துக்கு உயிர் கொடுத்தவன்

பேய்க் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று அவற்றை முற்றாக ஒதுக்குவோர் ஒருபுறம். வெறும் வேடிக்கைதானே என்று விட்டுவிடுவோர் மறுபுறம். இரு சாராருக்கும் பொதுவாக ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுடையதாகும்.

பிணத்தினுள் புகுந்து மரத்தில் தொங்கும் வேதாளத்தை, இரத்தம் குடிக்கும் ஐரோப்பியப் பேயின் பெயரால் ‘வாம்பயர்’ என்றே ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தினார். பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை. இந்த வேதாளம் விக்கிரமாதித்தனிடம் இரத்தம் கேட்கவில்லை, விடை கேட்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இடம்பெறும் இக்கதைகள், 1805-இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மழ்ஹர் அலீ கான் விலா, லல்லுலால் ஆகியோர் கைவண்ணத்தில் ‘பைதால் பச்சீஸி’ என இந்துஸ்தானி உரைநடையில் உருப்பெற்றன. தமிழ் வேதாள கதையை பாபிங்டன் 1831-இல் ஆங்கிலமாக்கினார். இராயபுரத்துக்கு அணித்தான கொண்டித்தோப்பிலிருந்து இரத்தின நாயகர் ஸன்ஸ் வெளியிட்ட பெரிய எழுத்துப் பதிப்புகள் விக்கிரமாதித்தன் கதையை எளிய மக்களிடம் கொண்டு சேர்த்தன. 1947-இல் சென்னையில் தோன்றிய ‘அம்புலிமாமா’ அதைப் பிள்ளைகளுக்குரிய தொடராக்கியது. தோளில் பிணமும் கையில் வாளுமாக அரசன் நடக்கும் ஓவியர் சங்கரின் சித்திரம் பல தலைமுறைகளின் நினைவில் நிற்பது. மூலக் கதைகள் தீர்ந்த பின்னும் புதுக் கதைகளைப் புனைந்து இதழ் அத்தொடரை நீட்டித்தது.

தொடரின் நகைச்சுவை அதன் அமைப்பிலேயே உள்ளது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் அரசன் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ பிணம் மீண்டும் மரமேறிவிடும். சரியான விடைக்குக் கிடைக்கும் பரிசு, பட்ட பாடு அத்தனையும் வீணாவதுதான்! பிள்ளைகள் சிரிப்பது இதற்கே. ஆயினும் அச்சிரிப்பின் அடியில், அறிந்ததை மறைப்பது குற்றம் என்ற நீதி கிடக்கிறது. சாட்சியத்தை மறைத்தலைப் பாவமாகக் கருதும் நமக்கு இது அந்நியமானதன்று.

இனி, நாம் எடுத்துக்கொண்ட கதை. நான்கு சகோதரர்கள் வித்தை கற்றுத் திரும்புகின்றனர். காட்டில் கிடந்த எலும்புத் துண்டொன்றில் ஒருவன் சதையை வளர்க்கிறான், அடுத்தவன் தோலும் ரோமமும் போர்த்துகிறான், மூன்றாமவன் உறுப்புகளை நிறைவு செய்கிறான், நான்காமவன் உயிரூட்டுகிறான். எழுந்த சிங்கம் நால்வரையும் கொன்றுவிடுகிறது. குற்றம் யாருடையது என்கிறது வேதாளம். உயிர் கொடுத்தவனுடையதே என்கிறான் அரசன். மற்றவர்கள் எவ்விலங்கென்று அறியாமல் செய்தனர், இவனோ சிங்கமெனக் கண்டும் செய்தான் என்பது அவன் வாதம்.

இத்தீர்ப்பை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. பல்லும் நகமும் பொருத்தியவனுக்குமா அது சிங்கமென்று தெரியாது? கடைசிக் கையை மட்டும் பிடிக்கும் நீதி, முந்தைய கைகளுக்குத் தப்பும் வழி காட்டிவிடுகிறது.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இக்குறை எளிதில் விளங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவரின் படகிலும் வலையிலும் படிந்தது. அம்மாத 26-ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். இத்தகைய வேளைகளில் வரைபடம் போட்டவர், அனுமதி தந்தவர், குழாய் பதித்தவர், பராமரிப்பவர் எனப் பொறுப்பு பல கூறாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தாம் சதை மட்டுமே வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. கதையின் சிங்கம் தன்னை ஆக்கியவர்களையே கொன்றது. அதில் ஒரு நியாயம் இருந்தது. எண்ணூரிலோ அது எலும்பைத் தொட்டே அறியாதவர்கள் மீது பாய்கிறது. பஞ்சதந்திரத்தில் வரும் இக்கதையின் வேறு வடிவில், கல்வியற்ற ஆனால் அறிவுடைய நண்பனொருவன் மற்றவர்களை எச்சரித்துவிட்டு மரமேறிப் பிழைக்கிறான். ஆற்றையே நம்பி வாழும் வலைஞர் ஏறுவதற்கு அப்படியொரு மரமில்லை.

ஆகவே வேதாளக் கதையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. கேள்வி எழும் இடத்தில் ஏட்டை மூடிவிட்டு, “நீ என்ன சொல்கிறாய்?” என்று பிள்ளையைக் கேட்கலாம். அரசனின் விடையை அதன்பின் படிக்கட்டும். அவனினும் நல்ல தீர்ப்பு திருவொற்றியூர்ப் பள்ளியொன்றின் கடைசி பெஞ்சிலிருந்தும் வரக்கூடும்.