ஒன்பதைத் தாண்டியாச்சு, ஆட்டம் எங்கே?

சிப்பை அதன் வரம்புக்கு மேல் ஓடவைக்கும் ஓவர்கிளாக்கிங் களத்தில் கொஞ்ச காலமாகவே 9 கிகாஹெர்ட்ஸ் பேச்சுதான். 2022 டிசம்பரில் ஸ்வீடன் வீரர் எல்மர், இன்டெல் 13900கே சிப்பில் திரவ ஹீலியத்தை ஊற்றி 9,008 மெகாஹெர்ட்ஸைத் தொட்டார். 2024 மார்ச்சில் 14900கேஎஸ் சிப்பில் அவரே 9,117. அடுத்த ஆண்டு சீன வீரர் ஒருவர் 9,130. கைதட்டலாம், தப்பில்லை. ஆனால் பழைய ஸ்கோரையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

2011-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஏஎம்டி குழு எஃப்எக்ஸ்-8150 சிப்பை 8,429 வரை விரட்டி கின்னஸில் ஏறியது. அதற்குப் பிறகு 2025 வரை கூடியது ஏறத்தாழ 700 மெகாஹெர்ட்ஸ்தான். அந்த எஃப்எக்ஸின் கம்பெனி உச்சம் 4,200; அதை இரட்டிப்பாக்கினார்கள். 14900கேஎஸ்ஸோ பெட்டியைப் பிரித்த அன்றே 6,200 வரை ஓடும். எல்மரின் பங்கு ஒன்றரை மடங்குகூட இல்லை. 1998-ல் செலிரான் 300ஏ வாங்கியவர்கள் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றி, ஹீட்சிங்கும் ஃபேனும் வைத்தே 450 மெகாஹெர்ட்ஸ் பார்த்தார்கள். காசில்லாமல் 50 சதவீதம்! இன்று அந்த மிச்சத்தை டர்போ என்ற பெயரில் கம்பெனிகளே கறந்துவிடுகின்றன.

எனவே வீரருக்கு மிஞ்சியிருப்பது குளிர் ஒன்றுதான். வேகம் கூட வோல்டேஜ் கூட வேண்டும். சிப் தின்னும் மின்சாரமோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம், வோல்டேஜ் இரண்டையும் 20 சதவீதம் ஏற்றினால் வெப்பம் 70 சதவீதத்துக்கு மேல் எகிறும். அதை இழுக்கத்தான் சிப்பின் தலையில் செம்புக் குவளை, அதற்குள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். சாக்கெட்டைச் சுற்றி வாஸ்லின் பூசியிருப்பார்கள். காற்றின் ஈரம் பனியாகி உருகினால் போர்டு காலி. கையில் ஃபிளாஸ்க், பக்கத்தில் நெருப்பு கக்கும் டார்ச். அது எதற்கு என்கிறீர்களா? பல சிப்கள் ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். ‘கோல்டு பக்’ என்பார்கள். குவளையைச் சுட்டு உயிர்ப்பிக்க வேண்டும். எஃப்எக்ஸுக்கு அந்த வியாதி இல்லை. அதனால்தான் மைனஸ் 269 டிகிரி ஹீலியத்தில் துணிந்து இறங்கினார்கள்.

ஹீலியம் குளிர்ச்சியில் ராஜா, தாக்குப்பிடிப்பதில் சோப்ளாங்கி. ஒரு லிட்டர் நைட்ரஜன் ஆவியாக சுமார் 160 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஹீலியத்துக்கு 3 கிலோஜூல்கூட வேண்டாம். ஊற்ற ஊற்றப் பறந்துவிடும், விலையும் அதிகம். ஆகவே ஹீலியச் சாதனை என்பது நொடிக்கணக்கு விவகாரம். வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் அந்தக் கணத்தைப் பதிவு செய்துவிட்டால் போதும், அடுத்த நொடி சிப் தொங்கினாலும் கவலையில்லை. 2011 சாதனையில் எட்டு கோர்களில் இரண்டுதான் விழித்திருந்தன.

என் ஓட்டு, சிப்பைப் படம் வரையவைத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் பக்கம். அங்கே எல்லா கோர்களும் முழு மூச்சில் ஓட வேண்டும், படம் வரைந்து முடியும்வரை விழக் கூடாது. சுமை ஏறும் கணத்தில் குவளையின் வெப்பநிலை சட்டென்று எகிறும். அதை முன்கூட்டியே கணித்து ஊற்றுபவர் ஜெயிப்பார், மீட்டரைப் பார்த்துவிட்டு ஊற்றுபவர் தோற்பார்.