அனாமத்துக் கணக்கு

நாடாளுமன்றத்தில் சில கேள்விகள் தீபாவளி மாதிரி வருஷம் தவறாமல் வரும். 'காற்று மாசினால் நாட்டில் எத்தனை பேர் இறந்தார்கள்?' என்பது அதில் ஒன்று. பதிலும் பெரிதாக மாறாது. காற்று மாசினால் மட்டுமே மரணம் நேர்ந்தது என்று நேரடித் தொடர்பை நிறுவும் முடிவான புள்ளிவிவரம் நம்மிடம் இல்லை என்பதுதான் சாரம்.

அந்த வாக்கியத்தை முதலில் டிராஃப்ட் செய்த அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு ஷொட்டு. 'மட்டுமே' என்ற ஒரே வார்த்தையில் மொத்தக் கேள்வியையும் மடித்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டுவிட்டார். காற்று மாசினால் மட்டுமே யாரும் சாவதில்லை சார். சிகரெட்டினால் மட்டுமே கூட யாரும் சாவதில்லை. மாரடைப்பில் சாகிறார்கள், புற்றுநோயில் சாகிறார்கள், மூச்சு முட்டிச் சாகிறார்கள். பிறகு எந்த தைரியத்தில் சிகரெட் பெட்டியில் பயங்கரப் படம் அச்சடிக்கிறோம்? லட்சக்கணக்கான பேரை, வருஷக்கணக்கில், குடித்தவர் இத்தனை, குடிக்காதவர் இத்தனை என்று எண்ணிப் பார்த்ததால். ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தால் தெரியாத விஷயம், ஒரு லட்சம் பேரின் கணக்கை வரிசையாக அடுக்கினால் தெரிந்துவிடும்.

கேள்வி, அந்தக் கணக்கு நம்மிடம் இருக்கிறதா என்பதுதான்.

நான் படித்தது பி.காம். அதில் ஒரு வித்தை சொல்லிக்கொடுப்பார்கள். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் போட்டு வை, தப்பு எங்கே என்று அப்புறம் தேடலாம். இங்கிலீஷ் மீடியத்தில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். வருஷக் கடைசியிலும் அதில் பெரிய தொகை நின்றால், ஆடிட்டர் பேனாவை மூடிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்.

இந்தியாவின் மரணப் பேரேட்டில் அனாமத்துதான் பெரிய தலைப்பு. 2020-ல் நாட்டில் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். அதில், இன்ன காரணத்தால் இறந்தார் என்று மருத்துவர் சான்றளித்தவை 22.5 சதவிகிதம்தான். ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். மீதிப் பேர் ஏன் செத்தார்கள்? வயசாச்சு, போயிட்டார். அவ்வளவுதான். சான்றிதழ் இருக்கிற இடத்திலும், 'இதயத் துடிப்பும் சுவாசமும் நின்றுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற டாக்டர்கள் உண்டு. செத்தால் இரண்டும் நிற்கத்தானே செய்யும்? நின்றதற்குப் பின்னால் இருந்த நோயை எழுது என்று உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகத் தலைபாடாக அடித்துக்கொள்கிறது.

ஆக, முடிவான புள்ளிவிவரம் இல்லை என்று அரசு சொல்வது ஒரு வகையில் நிஜம். பேரேட்டை எழுதாமல் வைத்திருப்பவரே வந்து, 'பேரேட்டில் அப்படி ஒன்றும் இல்லையே' என்று சொல்கிற நிஜம்.

2019 டிசம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் மக்களவையில் ஒரு படி மேலே போனார். மாசுக்கும் ஆயுள் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை, மக்களைப் பயமுறுத்தாதீர்கள் என்றார். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 2018 டிசம்பரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கெடுத்த ஆய்வு லான்செட் குழுமத்தின் இதழில் வந்திருந்தது. 2017-ல் காற்று மாசுக்குப் பலியானவர்கள் 12.4 லட்சம், மாசு மட்டும் குறைவாக இருந்திருந்தால் இந்தியரின் சராசரி ஆயுள் 1.7 வருஷம் கூடியிருக்கும் என்றது அது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரசாங்கத்தின் சொந்த நிறுவனம். இடது கை எழுதியதை வலது கை படிக்கவில்லை போல.

அதே குழு அடுத்துச் சொன்னது, 2019-ம் ஆண்டுக்கு 16.7 லட்சம் மரணங்கள். மொத்த மரணங்களில் 17.8 சதவிகிதம். டெல்லியில் பனிமூட்டம் வரும்போதெல்லாம் பத்திரிகைகளில் வருகிற எண் இது. நாங்களும் கூச்சமில்லாமல் கொட்டை எழுத்தில் போட்டோம்.

இப்போது இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 16.7 லட்சம் பிணங்களை யாரும் எண்ணவில்லை. சாட்டிலைட்டையும் தரையில் உள்ள கருவிகளையும் வைத்து எந்த ஊரில் எவ்வளவு நுண்தூசி என்று ஒரு வரைபடம் போடுகிறார்கள். இவ்வளவு தூசிக்கு இவ்வளவு ஆபத்து என்கிற விகிதத்தைப் பல நாட்டு ஆய்வுகளிலிருந்து எடுக்கிறார்கள். நீண்ட கால ஆய்வுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் அதிகம் என்பதால், அவர்களின் நுரையீரல்தான் பெரும்பாலும் நமக்கு அளவுகோல். கடைசியாக, இந்தியாவில் எந்த நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு எங்கே போவது? அதுதான் அனாமத்தில் கிடக்கிறதே! அதையும் மாடல் வைத்து மதிப்பிடுகிறார்கள். மதிப்பீட்டை மதிப்பீட்டால் பெருக்கி வந்த மதிப்பீடு. ஆராய்ச்சிக்காரர்கள் நேர்மையாக 'இதிலிருந்து இது வரை இருக்கலாம்' என்று ஒரு வீச்சைக் கொடுக்கிறார்கள். தலைப்பில் வீச்சுக்கு இடமில்லை. நடுவில் உள்ள ஒற்றை எண் மட்டும் ஊர்வலம் போகிறது.

இதனால் 16.7 லட்சம் பொய் என்று அர்த்தமில்லை. மதிப்பீடு என்பது கணக்குப் புத்தகம் இல்லாத கடைக்கு வருமானவரிக்காரர் போடுகிற தோராயம் மாதிரி. கடைக்காரர் 'அவ்வளவு வியாபாரம் இல்லீங்க' என்று அழலாம். புத்தகத்தை எடுத்துக் காட்டினால்தான் அழுகைக்கு மதிப்பு.

புத்தகத்தைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். 2024-ல் வந்த ஓர் ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே, வாரணாசி, சிம்லா என்று பத்து ஊர்களில், 2008 முதல் 2019 வரை தினசரி எத்தனை மரணம் என்ற கணக்கை வாங்கினார்கள். மொத்தம் சுமார் 36 லட்சம் மரணங்கள். ஒவ்வொரு நாளின் மரணத்துக்குப் பக்கத்தில் அந்த நாளின் தூசி அளவை வைத்துப் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனமான முறை இது. ஒரே ஊரை அதே ஊரின் இன்னொரு நாளோடு ஒப்பிடுவதால் ஏழை பணக்காரன், பீடி சிகரெட் எதுவும் பெரிதாகக் குழப்பாது. செவ்வாய்க்கிழமை பீடி குடித்தவர் வியாழக்கிழமையும் குடிக்கிறார்; மாறுவது காற்றுதான்.

பி.எம். 2.5 எனப்படும் நுண்தூசி, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், மரணம் 1.42 சதவிகிதம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம். அதைத் தாண்டிய காற்றுக்குப் பத்து ஊர்களிலும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 33,000 உயிர்கள். அதில் டெல்லி 12,000. சென்னை 2,900. 'நமக்குக் கடல் காத்து இருக்கு சார்' என்று நெஞ்சை நிமிர்த்துகிற மெரினாவாசிகள் கவனிக்கவும்.

இதில் என்னை உட்காரவைத்த எண் வேறு. அதே 10 மைக்ரோகிராம் உயர்வுக்கு டெல்லியில் மரணம் 0.31 சதவிகிதம்தான் கூடுகிறது. பெங்களூரில் 3.06 சதவிகிதம்! டெல்லிக்காரர் நுரையீரல் இரும்பா? இல்லை. பொருளாதாரப் பாடத்தில் குறைந்து செல் பயன்பாட்டு விதி படித்திருப்பீர்கள். முதல் ஆப்பிள் இனிக்கும், பத்தாவது திகட்டும். இங்கே அது விஷத்துக்கும் பொருந்துகிறது. சுமாரான காற்றில் வருகிற முதல் சில மைக்ரோகிராம்கள் அதிகம் கொல்கின்றன. ஏற்கெனவே நாசமான காற்றில் இன்னொரு கைப்பிடி தூசி, பத்தோடு பதினொன்று. 2009-ல் நம் அரசு வகுத்த ஒரு நாள் வரம்பு 60 மைக்ரோகிராம். 'வரம்புக்குள்தான் இருக்கிறோம்' என்று ஒரு நகராட்சி மார்தட்டும் நாட்களிலும் ஆபத்து ஏறிக்கொண்டுதான் இருந்தது என்கிறது ஆய்வு. மாடல் போட்டு ஊகித்திருந்தால் இது தெரிந்திருக்காது. எண்ணியதால் தெரிந்தது.

குறையும் உண்டு. இது இரண்டு நாள் காற்றின் பாதிப்பு மட்டும். இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது இதில் வராது. செத்தவர் ஆணா பெண்ணா, என்ன வேலை, எந்தத் தெரு, எந்த நோய் என்று பிரித்துச் சொல்லவும் இல்லை.

அமெரிக்காவில் அதைச் செய்தார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டுப் பதிவை எடுத்து, 2000 முதல் 2012 வரை ஆறு கோடிப் பேரைத் தொடர்ந்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. நீண்ட கால நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் மரணம் 7.3 சதவிகிதம் கூடுகிறது. கறுப்பின மக்களுக்கு அந்தப் பாதிப்பு ஒட்டுமொத்தத்தைப்போல மூன்று மடங்கு. காற்று எல்லாருக்கும் பொது என்பார்களே, அதன் லட்சணம் இது. காப்பீட்டு அலுவலகம் பில் கட்டுவதற்காக எழுதிவைத்த வயது, இனம், பின்கோடு, இறந்த தேதி. யாருமே ஆராய்ச்சிக்காகச் சேர்க்காத விவரம்.

'நம்ம ஊரிலும் எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு, இனிமே கம்ப்யூட்டரே சொல்லிடும்' என்கிற குரல் கேட்கிறது. பெரிய டேட்டா என்றாலே சரியான டேட்டா என்று நினைப்பது ஒரு மூடநம்பிக்கை. பிரிட்டனின் யு.கே. பயோபேங்க், ஐந்து லட்சம் பேரின் உடல்நலத் தகவல் கிடங்கு. ஆனால் அழைப்பு அனுப்பியது 92 லட்சம் பேருக்கு, வந்தவர்கள் 5.5 சதவிகிதம். வந்தவர்கள் சராசரி பிரிட்டிஷ்காரரைவிட ஆரோக்கியமானவர்கள், வசதியானவர்கள். நம் ஆஸ்பத்திரிப் பதிவுகளில் ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவர்கள் மட்டும் இருப்பார்கள். வயலில் பாம்பு கடித்து வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிப் போகும் வழியில் இறந்தவர் எந்த சர்வரிலும் இல்லை. பத்து லட்சம் மரண ஆய்வு என்று நாடு தழுவிய ஒன்று நடந்தது. பதிவாளர் நாயகம் அலுவலகமும் டாக்டர் பிரபாத் ஜாவின் குழுவும் சேர்ந்து நடத்தியது. வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான், பாம்புக்கடியில் 2005-ல் மட்டும் சுமார் 46,000 பேர் இறந்தது தெரிந்தது. பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வெளியே செத்தவர்கள்.

இந்த வீடு வீடாகப் போகிற காரியத்துக்கு நம்ம சென்னையில் ஒரு முன்கதை இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது. டாக்டர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து செய்தது. 1995 முதல் 97 வரை சென்னையில் பதிவான 48,000 வயதுவந்தோர் மரணங்கள், 1997-98-ல் விழுப்புரம் கிராமங்களில் 32,000. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் அந்த வீடுகளின் கதவைத் தட்டினார்கள். 'அவருக்கு என்னம்மா ஆச்சு? எத்தனை நாள் இருமல்? ரத்தம் வந்துச்சா? மெலிஞ்சாரா?' இப்படிக் கேட்டு எழுதி வந்ததை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை நிர்ணயித்தார்கள். வெர்பல் அடாப்ஸி என்று பெயர். சென்னையில் 54 சதவிகிதமாக இருந்த 'காரணம் தெளிவில்லை' என்கிற அனாமத்து 23 ஆக இறங்கியது. ஸ்கேன் இல்லை, சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை. செருப்புத் தேய்ந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கிலிருந்து 2003-ல் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. இறந்த 43,000 ஆண்களை, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டது. நகரத்தில் புகைப்பவர் காசநோயில் இறக்கும் ஆபத்து, புகைக்காதவரைவிட 4.5 மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைதான் காரணம். அதுவரை பீடி என்றால் புற்றுநோய், காசநோய் என்றால் கிருமி என்று தனித்தனி டிபார்ட்மென்டாக இருந்தது. இரண்டையும் ஒரே பேரேட்டில் சேர்த்துவைத்தது சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவேடும், கதவைத் திறந்து பேசிய விதவைகளும்.

காற்று விஷயத்திலும் இதைச் செய்யலாமே என்றால், ஒரு சின்னச் சிக்கல். இந்தியாவின் இறப்புப் பதிவுப் படிவத்தில் நெடுங்காலமாகவே ஒரு புள்ளிவிவரப் பகுதி உண்டு. இறந்தவர் புகைத்தாரா, எத்தனை வருஷம்? புகையிலை மென்றாரா? பாக்கு? மது? எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சுடுகாட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் அதை யார், எப்படி நிரப்புகிறார்கள் என்பது தனி விசாரணை.

அந்த 16.7 லட்சத்தில் 6.1 லட்சம் வீட்டுக்குள் எரிகிற அடுப்பின் புகையால். விறகும் வறட்டியும். அந்தப் புகையை வருஷக்கணக்கில் குனிந்து ஊதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2020-ல் பதிவான மரணங்களில் பெண்கள் 40 சதவிகிதம்தான். மருத்துவர் காரணம் எழுதியவற்றிலோ இன்னும் குறைவு, 36. ஆண்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று மட்டும் இதற்கு அர்த்தமில்லை. பெண் செத்தால் பதிவு அலுவலகம் வரைக்கும் போகிற அவசியம் பல வீடுகளுக்கு இருப்பதில்லை. சொத்து அவள் பேரில் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, பென்ஷன் இல்லை, சான்றிதழ் எதற்கு?

பீடிக்குக் கட்டம் இருக்கிற அந்தப் படிவத்தில், வீட்டில் எந்த அடுப்பு என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது.