வடிவேலு முகத்தில் ஒரு பதில்

வாட்ஸப் குழுவில் வாக்குவாதம் முற்றும்போது, யாராவது ஒருவர் நடிகர் வடிவேலுவின் முகத்தை அனுப்பிவிடுகிறார். உடனே சூடு இறங்கிவிடுகிறது. இணையத்தில் நாம் பழகிக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வழக்கம்தான்.

எழுத்தில் குரல் கேட்பதில்லை. அந்தக் குறையை இந்த முகம் தீர்க்கிறது. 'வின்னர்' படத்தில் அவர் நடித்த கைப்புள்ள அடிவாங்கிய பிறகும் விறைப்பாக நிற்பார். 'தலைநகரம்' படத்தின் நாய் சேகரோ தன்னை ரவுடி என்று காட்டிக்கொள்ள, தானாகவே போலீஸ் ஜீப்பில் ஏறுவார். தோல்வியின் இத்தனை வகைகளை முகத்தில் காட்டிய நடிகர் வேறொருவர் இல்லை என்றே சொல்வேன். அடுத்தவரை மட்டம் தட்டும் மீம்களும் உண்டு, அவை வேண்டாம். வடிவேலுவை அனுப்புகிறவர் பெரும்பாலும் அடிவாங்கியவன் இடத்தில் தன்னையே நிறுத்திக்கொள்கிறார். அது பெருந்தன்மை.

2019 மே மாதக் கடைசியில், முகநூலில் யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு, இது விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்றும் எழுதினார். அவ்வளவுதான், நலம் விசாரிப்புகள் குவிந்தன. நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தது. அவரோ 2001இல் வெளியான 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம்!

இனி ஒரு மீம் அனுப்பும்போது, அது எந்தப் படத்தின் காட்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சின்னப் பிள்ளைகள் தேடிப்பிடித்து முழுப் படத்தையும் பார்க்கட்டும்.