'மின்முனைக் கவர்ச்சி' என்னுஞ் சொல்: ஒரு திறனாய்வு

அறிவியற் கலைச்சொல்லை மதிப்பிடுதற்கு உரைகற்கள் இரண்டு. ஒன்று, அச்சொல் தமிழ் நெறிக்கு இயைந்து ஒரு பொருளே பயந்து நிற்றல். மற்றொன்று, தான் குறிக்கும் நிகழ்ச்சியைத் திரிபின்றி உணர்த்தல். தமிழ்ப் பாடநூல்களிற் பயிலும் 'மின்முனைக் கவர்ச்சி' என்னுஞ் சொல்லை இவ்விரண்டினும் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

நீர்மத்தில் மிதக்கும் மின்னேற்றமுடைய துகள்கள் மின்புலத்தால் இடம்பெயர்தலே இச்சொல் குறிக்கும் நிகழ்ச்சி. களிமண் துகள்கள் நீரில் இவ்வாறு நகர்தலை 1807-இல் மாஸ்கோவில் ரூஸ் என்பார் கண்டார். இதற்கு மேலைமொழிகளில் வழங்கும் பெயரின் பிற்பகுதி, 'சுமந்து செல்லப்படுதல்' எனப் பொருள்படும் கிரேக்க அடியிற் பிறந்தது. கவர்தற்பொருள் அதன்கண் இல்லை.

தமிழ்ச்சொல்லை விரிப்பின், 'மின்முனை கவரும் கவர்ச்சி' எனவும் 'மின்முனையைக் கவரும் கவர்ச்சி' எனவும் இருவகையாகப் பொருள்படும். இடம் நோக்கி முன்னதே பொருள் எனத் துணியலாம். துணிந்த அப்பொருளும் பொருந்துவதன்று. துகளை இயக்குவது அது நிற்கும் இடத்துள்ள மின்புலம். தொலைவில் நிற்கும் மின்முனை தானே துகள்களையெல்லாம் ஈர்ப்பதாக எண்ணுதல் தவறு.

நீரிற் கிடக்கும் களிமண் போல்வனவற்றில் இக்குறை புலப்படாது. ஆண்டுத் துகள்கள் பெரும்பாலும் ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒரு முனைக்கே செல்லும். நானோபடிகங்கள் எக்சேன் போன்ற முனைவற்ற கரைப்பானில் மிதக்குங்கால் நிலைமை வேறு. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. எக்சேனுக்கோ 2-க்குஞ் சற்றுக் குறைவு. எதிரெதிர் மின்னேற்றங்கள் இரண்டின் கவர்ச்சி ஆற்றல் வெப்ப ஆற்றலுக்கு நிகராகும் தொலைவு, அறைவெப்பநிலை நீரில் 0.7 நானோமீட்டர், எக்சேனில் 30 நானோமீட்டரை நெருங்கும். படிகங்களின் விட்டமோ சில நானோமீட்டரே. ஆகலின் மின்னேற்றங்கள் பிரிந்து நிற்றல் அரிது. வெப்பத்தின் அலைவால் ஒருசில படிகங்கள் நேர்மின்னேற்றமும், ஒருசில எதிர்மின்னேற்றமும் பெறும். ஏனைய நடுநிலையில் நிற்கும்.

2002-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இசுலாம், எர்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. எக்சேனில் மிதந்த காட்மியம் செலினைடு நானோபடிகங்கள், இரு முனைகளிலும் ஏறத்தாழ ஒத்த தடிப்புடைய படலங்களாகப் படிந்தன. 'கவர்ச்சி' என்று கற்ற மாணவன், ஒரு முனை கவர மற்றது வெறுமையாக நிற்கும் என்றே எதிர்பார்ப்பான். இரு முனையும் கவர்ந்தன என அமைதி கூறினும், நடுநிலைப் படிகங்கள் ஏன் கவரப்படவில்லை என்னும் வினாவிற்குச் சொல் விடை தாராது. மின்னேற்றம் எங்ஙனம் உண்டாயிற்று என்பதே இத்துறையின் முதல் வினா; சொல்லோ முனையை முன்னிறுத்தி அவ்வினாவை மறைக்கின்றது.

இன்னும் ஒரு முரண் உண்டு. 'முனைவற்ற கரைப்பானில் மின்முனைக் கவர்ச்சி' என எழுதுங்கால், முனை என்னும் அடி மூலக்கூற்றின் தன்மையையும் மின்சாரம் புகும் தகட்டையும் ஒருங்கே சுட்டுகின்றது. முனையற்ற இடத்தில் முனை கவர்தல் யாங்ஙனம் என மாணவன் மயங்குவான். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'மின்வாய்' என்னும் சொல் இம்மயக்கத்தை நீக்கும்.

ஆகவே நிகழ்ச்சியை 'மின்புலப் பெயர்ச்சி' எனவும், அதன்வழிப் படலம் அமைதலை 'மின்புலப் படிவு' எனவும் வழங்குதல் தகும். பெயர்தல் செயப்படுபொருள் வேண்டா வினை. பெயர்வது துகள், பெயர்ப்பது புலம் என்பது வெளிப்படை. வேரூன்றிய சொல்லை மாற்றுதல் குழப்பம் விளைக்கும் என்பர் சிலர். அது முற்றும் புறக்கணிக்கத்தக்க தடையன்று. பழஞ்சொல்லைச் சில்லாண்டு உடன்வைத்து வழங்கின் அது நீங்கும். பிழைபட்ட சொல்லாற் கற்ற கருத்தைப் பின்னர்த் திருத்துதல் அதனினும் அரிது.