நன்றி சொல்லப் பதிலாள் இல்லை

யூத ஜெப ஆலய வழிபாட்டின் நடுநாயகம் 'அமிதா' என்னும் மன்றாட்டு. முதலில் அனைவரும் நின்றபடி அதை மெல்லச் சொல்வார்கள். பிறகு, முன்னின்று பாடும் 'ஹஸான்' சபைக்காக உரக்கச் சொல்வார். ஒவ்வோர் ஆசீர்வாதத்துக்கும் சபையார் ஆமென் சொல்லி வருவார்கள். 'மோதிம்' எனும் நன்றிப் பகுதி வந்ததும் ஆமென் மட்டும் போதாது. எல்லாரும் தலைதாழ்த்தித் தம் வாயாலேயே நன்றியுரை சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் செவில்லாவில் வாழ்ந்த யூத அறிஞர் அபுதர்ஹாம் இதற்கு விளக்கம் தந்தார்: வேண்டுதலைப் பிறர் மூலம் அனுப்பலாம், நன்றியை அவரவரே சொல்ல வேண்டும்.

யூதப் பாட்டு மரபுகள் பலவும் இந்த நெறிக்குக் குரல் கொடுத்தவையே.

யேமன் யூதர்களிடம் சபையின் பங்கு மிகப் பெரிது. பண்டிகை நாட்களில் பாடும் 'ஹல்லேல்' (சங்கீதம் 113 முதல் 118 வரை) முழுவதிலும் சபை 123 முறை 'அல்லேலூயா' என்று எதிர்க்குரல் கொடுக்க வேண்டும் என்பது இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்த முறை. யேமனியர் அதை இன்றும் காக்கிறார்கள்.

சிரியாவின் அலெப்போ நகர யூத மரபினர் அரபு இசையின் 'மகாம்' எனும் பண்முறைகளில் தோய்ந்தவர்கள். அந்தந்த வாரத்தில் வாசிக்கும் தோரா மறைநூல் பகுதிக்கு ஏற்ற மகாமைத் தேர்ந்து வழிபாட்டை அதில் அமைப்பார்கள். குளிர்கால ஓய்வுநாட்களில் விடியுமுன்பே கூடி 'பகஷோத்' எனும் வேண்டுதல் பாடல்களைப் பாடுவார்கள். இத்தகைய பாடல்களுக்கு முன்னோடியாக, துருக்கிய, அரபு மெட்டுகளுக்கு எபிரேயப் பாடல் புனைந்த கவிஞர் இஸ்ரயேல் நஜாராவின் தொகுப்பு 1587இல் சஃபேதில் அச்சேறியது.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த பக்தி இயக்கத்தாரான ஹஸிதியர் சொற்களே இல்லாத 'நிகுன்' மெட்டுகளைப் போற்றினார்கள். எழுத்தறியாத ஏழையும் அறிஞரும் அங்கே ஒரே குரலாக நின்றார்கள்.

வியன்னாவும் பெர்லினும் வேறு வழி கண்டன. 1826 முதல் வியன்னாவில் ஹஸானாக இருந்த சாலமன் சுல்ட்சர், ஓய்வுநாளின் நன்றிப் பாடலான 92ஆம் சங்கீதத்துக்கு இசையமைப்பாளர் ஷூபர்ட்டைக் கொண்டே எபிரேயத்தில் இசையமைக்க வைத்தார், ஆண்டு 1828. பெர்லினின் இசையமைப்பாளர் லெவாண்டாவ்ஸ்கி தம் நான்கு குரல் பாடகர்குழு நூலுக்கு 'நன்றியும் பாடலும்' என்றே பெயரிட்டார். அழகு ஓங்கியது, ஆனால் பாடகர்குழு பாட, சபை கேட்டு அமரும் ஆபத்தும் கூடவே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கச் சீர்திருத்த சபைகளில் கிதாருடன் வந்த டெபி ஃப்ரீட்மன், எளிய மெட்டுகளால் சபையின் வாயை மீண்டும் திறந்தார்.

முன்னின்று பாடுபவருக்கான தகுதிகளை 1565இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் அருக்' எனும் யூதச் சட்டத் தொகுப்பு வகுத்திருக்கிறது: நற்பெயர், பணிவு, மக்களின் ஏற்பு, இனிய குரல். எல்லாம் ஒருங்கே அமையாவிட்டால் அறிவிலும் நற்செயலிலும் சிறந்தவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இறைவனைப் புகழும் மகிழ்ச்சியில் நீட்டிப் பாடுபவரை அந்நூல் வாழ்த்துகிறது. தன் குரலழகில் தானே மகிழ்பவரைக் கண்டிக்கிறது.

மகாமின் நுட்பமும் பாடகர்குழுவின் ஒழுங்கும் போற்றத்தக்கவை. எனினும், கடைசி வரிசையில் நிற்பவரையும் பாடவைக்கிற இசையே இந்த மரபில் தலைசிறந்தது. நன்றி அவருடைய கடன். அதைத் தீர்க்கும் குரலும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.