காதுக்கு எட்டாத கேள்வி

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ மற்ற நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு, தொலைக்காட்சியில் கேள்வி-பதில் போட்டியை மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். பரிசுப் பணத்தின் கவர்ச்சி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிங்காநல்லூரில் என் பெரியப்பா பஞ்சாலை ஒன்றின் நூற்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் நடிகர் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்றால் அவருக்கு உயிர். பெட்டிகளைத் திறந்து அதிர்ஷ்டம் பார்க்கும் 'டீலா நோ டீலா'விலும் பணம் கொட்டத்தான் செய்தது. ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். காரணம் கேட்டேன். "கண்ணு, ஆளுக பேசறது எனக்கு எங்கெ கேக்குது? இதுல எழுத்துப் போடறாங்கல்ல, அது போதும்" என்றார்.

இங்கேதான் இயற்பியல் வருகிறது. பேச்சில் உயிரொலிகள் வலிமையானவை. அவற்றின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. க, ச, ட, ப போன்ற மெய்கள் வலிமை குறைந்தவை. அவற்றைப் பிரித்தறியும் குறிப்புகளில் பல 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளன. முதுமை முதலில் கவர்வது உயர்ந்த அதிர்வெண்களையே. நெடுங்கால இயந்திர இரைச்சலோ 4000 ஹெர்ட்ஸ் அருகில் முதல் பள்ளத்தைத் தோண்டுகிறது. ஆகவே பட்டு, தட்டு, கட்டு மூன்றும் பெரியப்பாவுக்கு ஒன்றே! சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை.

போதாக்குறைக்கு, கேள்வியின் அடியில் திகிலூட்டும் முழக்கம் ஒன்றை ஓட விடுகிறார்கள். தாழ்ந்த அதிர்வெண் ஒலி உயர்ந்ததை எளிதில் மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவு எளிதில் மறைக்காது. இளைஞருக்கு விறுவிறுப்பூட்டும் அந்த இசை, முதியவருக்குக் கேள்வியின் மேல் போர்த்திய கம்பளி.

இவ்வளவுக்கும் ஈடு செய்வது திரையில் அசையாமல் நிற்கும் எழுத்துதான். போட்டியாளர் யோசிக்கும் வரை கேள்வியும் நான்கு விடைகளும் அங்கேயே இருக்கும். கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில், 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண்மணி ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றாரே, நினைவிருக்கிறதா?

வயதானால் குறைவது பெரும்பாலும் சிந்தனையின் வேகம். சொல்வளமும் சேர்த்த அறிவும் அறுபதைக் கடந்தும் நிலைக்கின்றன. உளவியலார் ரேமண்ட் கேட்டல் இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்தார். வீட்டுப் பேச்சில் "என்னது, என்னது?" என்று கேட்டுக் கேட்டு ஒதுங்கிப்போனவர், இந்த ஒரு மணி நேரம் பேத்திக்கு முன்னால் விடை சொல்கிறார்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. கைதட்டலையும் கண்ணீர்க் கதையையும் பெருக்குகிறார்கள். கேள்வி தோன்றவே நேரமாகிவிடுகிறது. முழக்கத்தைக் கேள்வி முடியும் வரையாவது நிறுத்தி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இப்போது பெரியப்பா பழைய பகுதிகளைப் பேத்தியின் கைப்பேசியில் பார்க்கிறார். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. இரு விரலால் விரித்துக் கேள்வியைப் பெரிதாக்கினால், விடைகள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன.