குவியலைப் பிரிப்பவரும் எடுப்பவரும்

நடனப் போட்டியின் முடிவை அறிவித்ததும் பெற்றோர் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, "இந்த நடுவர் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்?" என்பதுதான். கேள்வியில் நியாயம் உண்டு. பரதத்தை எடைபோடத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பரதம் கற்பிப்பவர்கள்; அதுவே அவர்கள் பிழைப்பு. மாணவி பரிசு வாங்கினால் அடுத்த மாதம் வகுப்பில் சேர்க்கை கூடும். தூத்துக்குடி போன்ற ஒரு மாவட்டத்துக்குள் ஒருவரையொருவர் அறியாத நடன ஆசிரியர்களைத் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல. ஆசிரியர்களை விலக்கினால் நுட்பம் தெரியாதவர் தீர்ப்புச் சொல்வார். அமர்த்தினால் தீர்ப்பை எவரும் நம்பமாட்டார்கள்.

நேர்மையான நடுவராகப் பார்த்துப் போட்டால் போதும் என்பது வழக்கமான பதில். இந்தக் கடற்கரையின் பழைய முத்துக்குளிப்பு நடைமுறை வேறு வழி காட்டுகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் படகில் வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. பிரிப்பது படகுக்காரர்கள், எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அதிகாரி. ஒரு குவியலைப் பெரிதாக்கினால் அது தன் கைக்கே வரும் என்ற உறுதி பிரிப்பவருக்கு இல்லை. அதனால் மூன்றையும் சமமாக வைப்பதே அவருக்கு லாபம். யாருடைய நல்ல மனத்தையும் நம்பாமல் நடந்த பங்கீடு அது.

மேல்நாட்டு ஜோடி நடனமான பால்ரூம் போட்டிகளிலும் ஆசிரியரே நடுவராகும் சிக்கல் உண்டு. அங்கும் நடுவர்களில் பலர் பயிற்சியாளர்கள். போட்டியாளர்களே அவர்களிடம் காசு கட்டிப் பாடம் கற்பதுண்டு. பிரிட்டனில் 1937 முதல் வழக்கத்துக்கு வந்த ஸ்கேட்டிங் முறை எனப்படும் வரிசைக் கணக்கு இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. இறுதிச் சுற்றில் நடுவர் மதிப்பெண் போடுவதில்லை. ஜோடிகளை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துகிறார். பெரும்பான்மை நடுவர்களின் வரிசையே முடிவு.

மதிப்பெண்களைக் கூட்டும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். மூன்று நடுவர்களில் இருவர், 'அ'வைவிட 'ஆ'வுக்குப் பத்துப் பத்து மதிப்பெண் கூடுதலாகத் தருகிறார்கள். மூன்றாமவர் தன் மாணவி 'அ'வுக்கு 95, 'ஆ'வுக்கு 60 போடுகிறார். இருவரின் தீர்ப்பை ஒருவர் கவிழ்த்துவிட்டார். வரிசை முறையில் இது நடக்காது. ஆனால் அதிலும் குறை உண்டு. வென்றவர் மயிரிழையில் வென்றாரா, மலையளவு வித்தியாசத்தில் வென்றாரா என்பது தெரியாது. நடுவர்களில் பெரும்பான்மையே கூட்டுச் சேர்ந்துவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

கேரளப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்ஸவம் வேறொரு மருந்தை முயன்றது: போட்டியின் வெறியைத் தணிப்பது. தனிநபர் வெற்றிக்கான கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் கைவிடப்பட்டன. 2018இல் திருச்சூரில் முதல் மூன்று இடங்களையும் விட்டுவிட்டு, 80 விழுக்காட்டுக்கு மேல் பெற்றவர்களுக்கெல்லாம் ஏ கிரேடு என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்குப் போக முதலிடம் வேண்டும். ஆகவே சண்டை மாவட்ட மேடைக்கு இறங்கியது. மேல்முறையீடுகள் நீதிமன்றம்வரை போயின.

பெயரை மறைத்து எண் மட்டும் தருவது இன்னொரு உத்தி. நடனத்தில் இது பாதிதான் பலிக்கும். தான் கோத்த ஜதியை, தான் திருத்திய அரைமண்டியை எந்த ஆசிரியரும் முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்வார். நடுவரின் பெயரை மறைப்பது இன்னும் மோசம். 2002 சால்ட் லேக் குளிர்கால ஒலிம்பிக்கில் வெடித்த நடுவர் ஊழலுக்குப் பின் ஃபிகர் ஸ்கேட்டிங் எனும் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளில் எந்த மதிப்பெண் எந்த நடுவருடையது என்பதை மறைத்தார்கள். மிரட்டலிலிருந்து காக்கப் போட்ட திரை, பட்சபாதத்துக்கும் திரையானது. 2016இல் அதை விலக்கிக்கொண்டார்கள்.

சலாபத்துப் பாடத்துக்கும் எல்லை உண்டு. எந்தச் சிப்பியில் முத்து என்று இரு தரப்புக்கும் தெரியாததால் அந்தப் பங்கீடு எளிதானது. நடுவருக்கோ எதிரில் ஆடுவது யார் என்று தெரியும். பந்தநல்லூர்ப் பாணியில் ஊறியவருக்குக் கலாக்ஷேத்திரப் பாணியின் நேர்கோடுகள் வறட்சியாகப் படலாம். அதில் சுயநலம் இல்லை, ரசனைச் சாய்வுதான். அதற்கு ஒரே பரிகாரம், வெவ்வேறு பாணியினரைக் கலந்து அமர்த்துவது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிகள் ஏறுகின்றன. கேரளத்தின் அளவுக்குப் பணமும் பகையும் சேருமுன் நான்கு விதிகளை இங்கே நிலைநாட்டலாம். நடுவர் பட்டியலைத் தயாரிப்பவர் ஒருவர். அதிலிருந்து அன்று காலை குலுக்கிப் பொறுக்குபவர் வேறொருவர். தன் மாணவர், உறவினர் மேடையேறினால் நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் போட்டியிலிருந்து விலக வேண்டும். மதிப்பெண்ணோடு வரிசையையும் எழுதி, வரிசையைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு நடுவரின் தாளையும் அன்றே எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும்.

எழுதிக் கொடுக்கச் சொல்வது குருமார்களுக்கு அவமானம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அது அவர்களுக்கே பாதுகாப்பு. 2024 மார்ச்சில் கேரளப் பல்கலைக்கழகக் கலைவிழாவில் லஞ்சக் குற்றச்சாட்டு எழுந்து, விழாவே பாதியில் நின்றது; குற்றம் சாட்டப்பட்ட நடுவர் ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். முறை இல்லாத இடத்தில் நடுவருக்குத் தன் நேர்மையை நிரூபிக்கவும் வழி இல்லை. உறவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒதுங்கி நின்ற ஆசிரியருக்கு, மறுநாள் யாராவது விரல் நீட்டினால் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.